உப்புக்கும் ஒரு பருவம்

கேரளத்தின் குட்டநாட்டில் நெல் விளையும் வயல்களில் பெரும்பகுதி கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. சில இடங்களில் ஒரு மீட்டர் ஆழம், சில இடங்களில் இரண்டு மீட்டருக்கும் மேல். பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் என்னும் நான்கு ஆறுகள் இந்தப் பள்ளத்தில் பரவி வேம்பநாட்டுக் காயலில் கலக்கின்றன. காயலோ கொச்சியருகே கடலைத் தொடுகிறது. மழைக்காலத்தில் ஆற்றுவெள்ளம் உப்பை வெளியே தள்ளும். மார்கழியில் ஆறுகள் மெலிந்ததும் உவர்நீர் காயல் வழியே உள்ளே ஏறும். இந்த நிலத்தின் வரலாறு பெரும்பாலும் மனித உழைப்பு தண்ணீரை வென்ற கதையாகவே எழுதப்படுகிறது. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2013இல் குட்டநாட்டின் கடல்மட்டத்துக்குக் கீழான வேளாண்மையை உலக மரபுகளில் ஒன்றாக ஏற்றபோது அந்தப் பெருமைக்கு முத்திரையும் கிடைத்தது. பெருமை நியாயமானதுதான். ஆனால் கரை கட்டியவர்களைப் பற்றிப் பேசும் அளவுக்கு, கரைக்குள் அகப்பட்ட மண்ணைப் பற்றி நாம் பேசுவதில்லை. நனைவதும் காய்வதும், உப்பேறுவதும் உப்பு கழிவதும் முறைவைத்து நடக்கும்வரைதான் இந்த மண் வயலாக இருக்கிறது. பழைய வேளாண்மை அந்த முறையை ஏற்று அதற்கேற்பப் பயிரிட்டது. 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் வந்த திட்டங்கள் அதை நிறுத்தப் பார்த்தன. குட்டநாட்டின் இன்றைய துன்பங்களில் பெரும்பங்கு அங்கிருந்தே தொடங்குகிறது என்பது என் வாதம்.

இதை விளங்கிக்கொள்ள, நீருக்கடியில் மண்ணுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் சில நாட்களிலேயே தீர்ந்துவிடும். அதன்பின் அங்கே வாழும் நுண்ணுயிர்கள் வேறு பொருள்களிலிருந்து ஆக்சிஜனை எடுத்து மூச்சுவிடுகின்றன: முதலில் நைட்ரேட், பிறகு மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகள், கடைசியில் சல்ஃபேட். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிராம் சல்ஃபேட் இருக்கிறது. கிழக்கு மலைகளின் செம்புரைமண்ணை ஆறுகள் கரைத்து வரும்போது இரும்பும் வந்து சேர்கிறது. சதுப்பில் மக்கும் இலையும் வேரும் நுண்ணுயிர்களுக்கு இரை. மூன்றும் ஒன்றுகூடினால் இரும்பும் கந்தகமும் பிணைந்து பைரைட் என்னும் தாது உருவாகும். நீருக்கடியில் இருக்கும்வரை பைரைட்டால் யாருக்கும் கேடில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அப்படியே கிடக்கும். நீரை வடித்துக் காற்றுபடச் செய்தால் அது சல்ஃப்யூரிக் அமிலமாக மாறத் தொடங்கும்.

குட்டநாட்டின் கரிநிலங்கள் இந்த வேதியியலுக்குச் சாட்சி. வைக்கம், அம்பலப்புழை, புறக்காடு பகுதிகளில் கிடக்கும் இந்த நிலம் பெயருக்கேற்பக் கறுத்தது. மக்கிய தாவரப் பொருள் மிகுந்தது. தோண்டினால் பழங்காலத்தில் மூழ்கிய காட்டின் மரத்துண்டுகள் அகப்படும். அவற்றைக் காண்டாமரம் என்கிறார்கள். கோடையில் இம்மண் காய்ந்து வெடித்தால் பி.ஹெச். 4க்கும் கீழே இறங்கி அமிலத்தன்மை ஏறுகிறது. அந்த அமிலத்தில் களிமண்ணின் அலுமினியமும் இரும்பும் கரைந்து நெல்லின் வேரைக் கருக்கும். மறுபடி நீர் கட்டினால் நுண்ணுயிர்கள் எதிர்த்திசையில் வேலைசெய்து அமிலத்தை மெல்லத் தணிக்கும். மழை குறைந்த ஆண்டுகளில் கரிநில விளைச்சல் வீழ்வதற்குத் தண்ணீர்ப் பற்றாக்குறை மட்டும் காரணமன்று. அடிமண் காற்றைச் சந்தித்ததும் காரணம். இது கேரளத்துக்கு மட்டும் உரிய விந்தையும் அன்று. நெதர்லாந்தில் 1852இல் நீர் வடித்து முடிக்கப்பட்ட ஹார்லெம் ஏரியின் அடிநிலத்தில் சில இடங்கள் பயிரை ஏற்காமல் போயின. வான் பெமலன் என்ற வேதியியலாளர் அம்மண்ணை ஆராய்ந்து 1886இல் வெளியிட்ட விளக்கம் இதே கந்தக அமிலத்தைத்தான் காட்டியது. நிலத்தை மீட்பதாக எண்ணி நீரை வடித்த இடத்தில், நீர் அடக்கிவைத்திருந்த நஞ்சும் சேர்ந்து வெளிவந்தது.

இனி உப்பு. நெல் உப்பைத் தாங்காத பயிர். நாற்றுப்பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் மிகவும் தாங்காது. உப்பு மிகுந்த மண்ணில் வேரைச் சுற்றி நீர் இருந்தும் செடியால் அதை இழுக்க முடிவதில்லை; உள்ளே புகும் சோடியம் இலையின் நுனியிலிருந்து எரிக்கிறது. எனினும் உப்பு மண்ணில் நிலையாகத் தங்குவதில்லை. தென்மேற்குப் பருவமழை கொட்டும் நாட்டில் இரண்டு, மூன்று மாத வெள்ளம் மேல்மண்ணின் உப்பைக் கழுவிக் கடலுக்கே அனுப்பிவிடும். அமிலத்தின் இயல்பு வேறு. மண் காயும் ஒவ்வொரு முறையும் அடியில் இருக்கும் பைரைட்டிலிருந்து அது புதிதாக ஊறும். ஆக, இந்தத் தாழ்நிலத்துக்குப் பகைவர் இருவர். ஒருவர் பருவத்தோடு வந்து பருவத்தோடு போகிறவர், மற்றவர் ஈரம் இருக்கும்வரை உறங்குகிறவர். முதலாமவரைத் தடுக்கும் அவசரத்தில் இரண்டாமவரை எழுப்பிவிடக் கூடாது என்பதே இம்மண் விதிக்கும் நிபந்தனை.

அந்த நிபந்தனையை மிகத் துல்லியமாக நிறைவேற்றிய முறை காயலின் வடக்கே, எர்ணாகுளம் வட்டாரத்தில் உருவான பொக்காளி வேளாண்மை. கோடையில் வயல் காய்ந்திருக்கும்போதே மண்ணைச் சிறு மேடுகளாகக் குவிப்பார்கள். ஜூன் மழை அம்மேடுகளின் உப்பைக் கழுவி இறக்கியதும் முளைகட்டிய விதையை அவற்றின் உச்சியில் விதைப்பார்கள். ஒரு மாதம் கழிந்து நாற்று வளர்ந்தபின் மேட்டை உடைத்து, வேரோடு ஒட்டிய மண்கட்டியுடன் வயலெங்கும் பரப்புவார்கள். செடி ஆளுயரத்துக்கு வளர்ந்து வெள்ளத்துக்கு மேலே தலைநீட்டும். அக்டோபரில் கதிரை மட்டும் அறுத்துத் தாளை நீரிலேயே விடுவார்கள். நவம்பர் நடுவில் மதகைத் திறந்து ஓதநீரை உள்ளே விடும்போது இறால்குஞ்சுகளும் உடன் வரும். மக்கும் தாள் அவற்றுக்கு இரையாகும். ஏப்ரல் நடுவில் விஷு வரையில் வயல் இறால் பண்ணை. உரமோ பூச்சிமருந்தோ இல்லை. நன்னீர்க் காலம் நெல்லுக்கு, உப்புக் காலம் இறாலுக்கு என்ற பங்கீட்டில், ஆண்டின் பெரும்பகுதி மண் ஈரத்திலேயே இருக்கிறது. நெல்லினமும் அதற்கேற்பத் தேறியது: உப்பைத் தாங்கும் புதிய ரகங்களை உருவாக்கிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பயன்படுத்திய முக்கியமான மரபணுப் பகுதி பொக்காளியிலிருந்தே கிடைத்தது.

தெற்கே குட்டநாட்டில் நடந்தது வேறு வகையான துணிச்சல். 1880களில் தொடங்கிக் காயலின் ஆழமற்ற பகுதிகளில் தென்னங்கழிகளை நட்டு, மூங்கில் தட்டியும் தழையும் மணலும் இட்டு, காயலின் அடியிலிருந்து முக்குளித்தெடுத்த களிமண் கட்டிகளை அடுக்கிக் கரை எழுப்பினார்கள். உள்ளே நின்ற நீரைக் காலால் மிதிக்கும் சக்கரங்களும், பின்னர் எஞ்சினால் இயங்கும் ‘பெட்டியும் பறையும்’ என்ற இறைப்பானும் வெளியேற்றின. களிமண் சுமந்தவர்களும் சக்கரம் மிதித்தவர்களும் பெரும்பாலும் புலையர் சமூகத்து உழைப்பாளிகள். நிலமும் புகழும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கொச்சித் துறைமுகம் தூர்ந்துவிடும் என்ற சென்னை அரசின் கவலையால் 1903இல் இப்பணிக்குத் தடை வந்து, சில ஆண்டுகளில் நீங்கியது. 1940களில் முரிக்கன் ஜோசஃப் எழுப்பிய சித்திரா, மார்த்தாண்டம், ராணி என்னும் காயல் வயல்கள் இந்த முயற்சியின் உச்சம். இத்தனை துணிச்சலுக்கிடையிலும் இங்கே பயிர் ஒன்றுதான்: மழை ஓய்ந்தபின் நீர் இறைத்து விதைக்கும் புஞ்சை. ஓடைகளின் வாயில் ஆண்டுதோறும் ‘ஓருமுட்டு’ எனப்படும் தற்காலிகத் தடுப்பை இட்டு உப்பை நிறுத்தி, மழை வந்ததும் உடைத்துவிடுவார்கள். அறுவடைக்குப் பிறகு வயலை மீண்டும் வெள்ளத்துக்கே விட்டார்கள். அந்த வெள்ளம் உப்பைக் கழுவி, வண்டலை இட்டு, அடிமண்ணை நனைத்துவைத்தது.

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பு எழும். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும், இறக்குமதி அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரில் மக்கள் பசியால் மடிந்தார்கள். அந்த நினைவோடு வளர்ந்த தலைமுறை ஒரு போகத்தை இரண்டாக்க விரும்பியது. அதைக் குற்றம் சொல்ல யாருக்கு உரிமை? உரிமை இல்லை, நான் குற்றம் சொல்லவும் இல்லை. வெள்ளத்தைக் குறுக்கு வழியில் கடலுக்கு அனுப்ப 1955இல் தோட்டப்பள்ளி வடிகால் வந்தது. உப்பைக் காயலின் குறுக்கேயே மறிக்கத் தண்ணீர்முக்கம் தடுப்பணை 1976இல் இயங்கத் தொடங்கியது. நோக்கம் நேர்மையானது. குறை, திட்டத்தின் அடிப்படை எண்ணத்தில் இருந்தது. உப்பைத் தீமையென்றும் நன்னீரை நன்மையென்றும் அது நிலையாகப் பிரித்தது. ஓருமுட்டு ஒவ்வோர் ஊரும் தன் பயிரைப் பார்த்துக் கட்டி உடைத்தது. தடுப்பணையோ ஒரு காயல் முழுவதற்கும் ஒரே முடிவைச் சுமத்தியது. டிசம்பரில் மூடி மார்ச் நடுவில் திறக்க வேண்டிய கதவுகள், பயிர் தாமதமாகும்தோறும் மேலும் பல வாரங்கள் மூடியே கிடந்தன.

அந்த வாரங்களின் விலையைக் காயலின் உயிர்கள் சொல்கின்றன. குட்டநாட்டின் கொஞ்சு எனப்படும் பெரிய நன்னீர் இறால் ஆற்றில் வாழ்ந்தாலும், முட்டை பொரிக்கக் கலப்புநீருக்கு இறங்கியாக வேண்டும். குஞ்சுகளுக்கு உப்பு இன்றியமையாதது. கறுப்புக் கிளிஞ்சலின் இனப்பெருக்கத்துக்கும் ஓரளவு உப்பு வேண்டும். தடுப்பணைக்குத் தெற்கே இரண்டும் குன்றின. அதே நேரம் ஆகாயத்தாமரையும் ஆப்பிரிக்கன் பாயலும் நீர்வழிகளை மூடின. முன்பெல்லாம் ஆண்டுதோறும் வந்த உப்பு அவற்றைக் கொன்றுவந்தது. வயலிலிருந்து வடிந்த உரமும் மருந்தும் ஓதம் புகாத நீரில் தேங்கின. இவற்றுள் கிளிஞ்சலின் கதை மண்ணின் வரலாற்றோடு நேராக முடிச்சிட்டது. கரிநிலத்தின் அமிலத்தை முறிக்க உழவர் இடுவது சுண்ணாம்பு. அது காயல் கிளிஞ்சலைச் சுட்டுக் கிடைப்பது. நெல்லுக்காக மறிக்கப்பட்ட உப்புதான் நெல்லுக்கு வேண்டிய மருந்தையும் வளர்த்துவந்தது.

இரண்டாவது மறுப்பு விளைச்சலைப் பற்றியது. பொக்காளி ஹெக்டேருக்கு ஒன்றிரண்டு டன்தான் தரும். வயல்களில் பெரும்பகுதி தரிசாகவோ ஆண்டு முழுதும் இறால் குளமாகவோ மாறிவிட்டது. அழிந்துவரும் முறையை முன்மாதிரி என்பது ஏக்கம் மட்டுமே என்பார்கள். ஆனால் பொக்காளி சுருங்கியதற்குக் காரணம் கூலி, சேற்றில் இறங்க ஆளில்லாமை, நெல்லைவிட இறாலுக்குக் கிடைக்கும் விலை. மண் அந்த முறையைக் கைவிடவில்லை, சந்தைதான் கைவிட்டது. கேரளத்தின் நெற்பரப்பே 1974–75இல் இருந்த 8.8 லட்சம் ஹெக்டேரிலிருந்து சுமார் 2 லட்சத்துக்குச் சுருங்கியிருக்கும்போது, பொக்காளியின் சரிவை மட்டும் அதன் குறையாகக் காட்டுவது பொருந்தாது. பொக்காளியை அப்படியே பெயர்த்துக் குட்டநாட்டில் நட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. புஞ்சை பூக்கும்போது உப்பு ஏறினால் பயிர் போகும். எனவே தடுப்பு வேண்டும். கேள்வி, அது சுவராக நிற்க வேண்டுமா, மதகாக இயங்க வேண்டுமா என்பதே. ஆஸ்திரேலியாவில் கெய்ன்ஸ் நகருக்கு அருகே ஈஸ்ட் டிரினிட்டியில் 1970களில் கரும்புக்காகக் கரை கட்டி ஓதத்தை மறித்தார்கள். மண் அமிலமாகி, மீன்கள் செத்து, நிலம் தாழ்ந்தது. 2000க்குப் பிறகு ஓதநீரைச் சுண்ணாம்போடு அளவாக உள்ளே விட்டபோது அமிலம் தணிந்தது. கடல்நீரின் பைகார்பனேட்டும் நிலையான ஈரமும் பெருஞ்செலவின்றிச் செய்த வேலை அது.

மூன்றாவதாக, கடல்மட்டம் உயரும் காலத்தில் உப்புக்கு இடம்கொடுப்பது தற்கொலையல்லவா, கரையை உயர்த்துவதுதானே வழி என்று கேட்கலாம். தாழ்நிலம் கடலோடு எப்படி ஈடுகொடுத்து வந்தது என்று பார்த்தால் விடை தெரியும். ஆற்று வண்டல் ஆண்டுதோறும் படிந்தும், வேரும் தழையும் நீருக்கடியில் மக்காமல் சேர்ந்தும்தான் அது தன் உயரத்தைக் காத்தது. நிலையான கரை வண்டலைத் தடுக்கிறது. ஆற்றுமணல் கொள்ளை மலையிலிருந்து வருவதையும் குறைத்துவிட்டது. நீர் வடிந்த கரிமண் காற்றில் மெல்லக் கரைந்து நிலம் கீழிறங்குகிறது. கடல் ஏற, நிலம் இறங்க, கரையின் உயரம் இரண்டையும் ஒருசேரத் துரத்த வேண்டியிருக்கிறது. 2018 வெள்ளத்தில் கரைகள் எப்படி உடைந்தன என்பதை நாடே பார்த்தது. தோட்டப்பள்ளி வடிகாலால், வடிவமைத்த அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரையே வெளியேற்ற முடிகிறது என்பதும் பழைய செய்தி.

ஆகவே வரலாறு காட்டும் வழி, கரையா திறப்பா என்ற இருமுனைத் தேர்வுக்கு அப்பால் இருக்கிறது. கும்பகோணத்தில் பிறந்து, குட்டநாட்டு மங்கொம்பைப் பூர்விகமாகக் கொண்ட வேளாண் அறிவியலாளர் எம்.எஸ். சுவாமிநாதனின் ஆராய்ச்சி நிறுவனம் 2007இல் அளித்த அறிக்கை, எல்லா வயல்களும் கட்டுப்படும் ஒரு பயிர் நாட்காட்டியை வலியுறுத்தியது. விதைப்பு தாமதமாகாவிட்டால் கதவுகள் காலத்தில் திறக்கும். கதவு திறந்தால் மீன் பிழைக்கும், களை மடியும், கிளிஞ்சல் பெருகும். மழை வந்து எஞ்சிய உப்பைக் கழுவும். இதற்குப் பெரிய கட்டுமானம் தேவையில்லை. உழவரும் மீனவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, மண்ணின் உப்பையும் அமிலத்தையும் வாரந்தோறும் அளந்து, தேதியைக் குறிக்கும் ஏற்பாடு தேவை. கரிநிலத்தைக் கோடையில் காயவிடாத கட்டுப்பாடும், வண்டல் படிய வயலை மழைக்கு விட்டுக்கொடுக்கும் பொறுமையும் அதோடு சேர வேண்டும். பாட்டன்மார் ஓருமுட்டை வெட்டி உடைத்த நாளைத் தவறவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். குட்டநாடு அடுத்த நூற்றாண்டையும் வயலாகவே காண வேண்டுமானால், தண்ணீர்முக்கத்தின் கதவுகளும் அந்த ஒழுங்குக்கு உட்பட வேண்டும்.