சாணைக்கல்லுக்குள்ள ஒரு தமிழ் வார்த்தை

கத்தி தீட்ட லான்ஸ்கின்னு ஒரு கருவி இருக்கு. 1979-ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச கம்பெனியோடது. கத்தியை ஒரு பிடியில இறுக்கிட்டு, கம்பி மாட்டின கல்லை அந்தப் பிடியில இருக்கிற துளையில விட்டுத் தேய்க்கணும். பக்கத்துக்கு நாலு துளை: 17, 20, 25, 30 டிகிரி. மீன் சீவுற மெல்லிசு கத்திக்கு 17. சமையல் கத்திக்கு 20. காடு மேடுன்னு எடுத்துட்டுப் போற கத்திக்கு 25. முரட்டு வேலைக்கு 30. கோணம் குறைஞ்சா கூர்மை அதிகம், ஆனா முனை சீக்கிரம் மழுங்கும்.

ஆக, இதுல இருக்கிறது ரெண்டே சங்கதி. ஒண்ணு கல்லு, இன்னொண்ணு கோணம்.

முதல்ல கல்லு. இந்தக் கருவியோட வழக்கமான கல்லு அலுமினியம் ஆக்சைடு. இதே பொருள் பூமியில படிகமா கிடைச்சா அதுக்குப் பேரு கொரண்டம். கடினத்துல வைரத்துக்கு அடுத்த இடம், மோஸ் அளவுல 9. கெம்பும் நீலமும்கூட இதேதான், நிறம் மட்டும் வேற. கொரண்டம்ங்கிற பேரு எங்கேருந்து வந்துச்சுன்னு ஆங்கில அகராதியில பாருங்க. தமிழ் 'குருந்தம்'!

நம்ம ஆளுங்க குருந்தக்கல்லைப் பொடி பண்ணி, உருக்கின அரக்குல கலந்து, சக்கரமா வார்த்து சாணை செஞ்சாங்க. சேலம் பக்கமெல்லாம் இந்தக் கல்லு கிடைக்கும். 1798-ல சார்லஸ் கிரெவில்ங்கிற ஆங்கிலேயர் 'ஆசியாவின் கொரண்டம் கல்' பத்தி லண்டன் ராயல் சொசைட்டி இதழ்ல ஒரு கட்டுரை எழுதினார்.

அடுத்தது அமெரிக்கா. 1891-ல எட்வர்ட் அச்சிசன் களிமண்ணையும் கரியையும் கலந்து மின்சாரத்தால சூடாக்கினப்போ பளபளன்னு படிகங்கள் கிடைச்சுது. கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள்னு நினைச்சு 'கார்போரண்டம்'னு பேர் வெச்சார். உண்மையில அது சிலிக்கன் கார்பைடு, கொரண்டத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல :-) ஆனா பேரு ஒட்டிக்கிச்சு. 1893-ல காப்புரிமையும் கிடைச்சுது. 1954-ல அந்த அமெரிக்கக் கம்பெனியும் ஒரு இங்கிலாந்துக் கம்பெனியும் முருகப்பா குழுமத்தோட கைகோர்த்து சென்னையில கார்போரண்டம் யுனிவர்சலை ஆரம்பிச்சாங்க. குருந்தம் ஊரைச் சுத்திட்டு வீட்டுக்கே திரும்பிடுச்சு.

இப்ப கோணம். இதை யாரும் கட்டுரையா எழுதல. தெருவுல சக்கரத்தை மிதிச்சுக்கிட்டு வர்ற சாணைக்காரர் கையில இருந்துச்சு. கத்தியைப் பாத்ததுமே எவ்வளவு சாய்க்கணும்னு அவருக்குத் தெரியும். அதைத்தான் லான்ஸ்கி நாலு துளையா மாத்தியிருக்கான்.

ஆனா முழுசா மாறல. கம்பி துளையில நிலையா நிக்குது. கத்தி முனை பிடியை விட்டுத் தள்ளிப் போகப் போக கோணம் குறையும். எளிய முக்கோணக் கணக்குதான். நீளக் கத்தின்னா பிடியை நகர்த்தி மறுபடி இறுக்கணும். அரிவாள்மனையைக் கொண்டுவந்தா? பலகையில நிக்கிற வளைஞ்ச அலகை இந்தக் குட்டிப் பிடியில எப்படி மாட்டுறது? அதுக்கு இன்னைக்கும் சாணைக்காரர்தான்.

அச்சிசன் பேருல காப்புரிமை இருக்கு. கிரெவில் பேருல கட்டுரை இருக்கு. அரக்குல குருந்தப் பொடியைக் கலக்கலாம்னு முதல்ல கண்டுபிடிச்சவங்க பேரு எதுலயும் இல்ல. அவங்க புழங்கின வார்த்தை மட்டும் உலகம் பூரா இருக்கு.

உங்க ஊர்ல சாணைக்காரர் இன்னும் வர்றாரா? பின்னூட்டத்துல சொல்லுங்க. வந்தா, எந்தக் கத்தியை எவ்வளவு சாய்க்கிறார்னு பாத்து அதையும் எழுதுங்க.