குடித்த ஜாடியும் குடிக்காத பாட்டிலும்

திருத்தணி முருகனுக்குச் சாத்திய சந்தனத்தை நெற்றியில் இடுவதில்லை; தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள். நோய் தீரும் என்பது நம்பிக்கை. என் பாட்டிக்கு அதைக் கரைக்க மனசு வரவில்லை. ‘ஒரு ஆபத்துக்கு ஆகட்டும்’ என்று சிமிழில் மூடி வைத்தாள். நாலு வருஷம் கழித்துத் திறந்தால், சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஒரு வில்லை. வாசனை போயே போச்சு!

சமீபத்தில் அந்த மலையின் 365 படிகளை மூச்சு வாங்க ஏறியபோது அந்தச் சிமிழ் ஞாபகம் வந்தது. கூடவே ஒரு ஒயின் பாட்டிலும். (முருகன் மன்னிப்பாராக! 1938-இல் ராஜாஜி சித்தூர் மாவட்டத்துக்கு மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, திருத்தணி அந்த மாவட்டத்தில்தான் இருந்தது.)

1985, லண்டன். கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1787-ஆம் வருஷத்து பிரெஞ்சு ஒயின் என்று ஒரு பாட்டில் 1,05,000 பவுண்டுக்குப் போனது. அமெரிக்க ஜனாதிபதி ஜெஃபர்சனுக்குச் சொந்தமானது என்றார்கள் (அது நிஜம்தானா என்று பிற்பாடு பெரிய ரகளை!). வாங்கிய ஃபோர்ப்ஸ் குடும்பம், நியூயார்க்கில் அதைக் காட்சிக்கு வைத்து விளக்கும் போட்டது. அந்தச் சூட்டில் கார்க் காய்ந்து சுருங்கி, பாட்டிலுக்குள்ளேயே விழுந்துவிட்டது. குடிக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை.

ஜெர்மனியில் ஷ்பையர் நகரத்துக்கு அருகே, 1867-இல் ஒரு ரோமானியக் கல்லறையிலிருந்து எடுத்த பாட்டில் இன்னும் கெட்டி. வயது 1,600-க்கு மேல். ஒயினுக்கு மேலே எண்ணெய் ஊற்றி, மெழுகால் அடைத்திருந்தார்கள். இப்போது மியூசியத்தில் இருக்கிறது. திறந்தால் காற்றுப்பட்டு என்ன ஆகுமோ என்று யாரும் தொடுவதில்லை. போதையெல்லாம் எப்போதோ போயிருக்கும்!

நம் ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? புறநானூற்றில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கலத்தில் ஊற்றித் தரச் சொல்லி, நாள்தோறும் குடித்து மகிழ் என்கிறார். கவனியுங்கள்... நாள்தோறும்! பருவக்காற்றை நம்பிக் கடல் தாண்டி வந்த சரக்கு. பரணில் பத்திரப்படுத்து என்று புலவருக்குத் தோன்றவே இல்லை.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில், 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, ‘ஆம்போரா’ எனப்படும் இரண்டு காது வைத்த ரோமானிய ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. உள்ளே இருந்தது எப்போதோ தீர்ந்துவிட்டது. அதனால் பெரிய நஷ்டமில்லை. ஓட்டின் களிமண்ணையும் வடிவத்தையும் பார்த்தே, எது இத்தாலிச் சரக்கு, எது கிரேக்கத் தீவுச் சரக்கு என்று பிரித்துவிடுகிறார்கள். குடித்துவிட்டு யாரோ குப்பையில் வீசிய ஜாடிகள்தான் அத்தனையும்.