காது குத்திய பின்

செவியைத் துளைத்து அணி பூட்டும் வழக்கம் நம் நாட்டில் மிகத் தொன்மையானது. தாய்மாமன் மடி, சீர்வரிசை, விருந்து என்று அவ்விழாவின் சிறப்பை எழுதுவோர் பலர். துளைத்த செவி ஆறும் வரை குழந்தை படும் பாட்டையும், அதனைப் பெரியோர் காத்த முறையையும் எழுதுவோர் சிலரே. அவற்றையே ஈண்டுக் கூற விழைகிறோம்.

வடமொழி மருத்துவ நூலாகிய சுச்ருத சங்கிதை, சூத்திர ஸ்தானத்தின் 16-ஆம் அத்தியாயத்தில் இதனை விரித்துரைக்கிறது. ஆறாம் அல்லது ஏழாம் திங்களில், குழந்தையைத் தாதியின் மடியில் இருத்தி, விளையாட்டுப் பொருள் காட்டி, கதிரவன் ஒளி ஊடுருவும் இடம் பார்த்துத் துளைக்க வேண்டும். ஆண்மகவுக்கு வலச்செவி முதலில். பெண்மகவுக்கு இடச்செவி முதலில். குருதி மிகுந்தாலும் நோவு மிகுந்தாலும் இடம் தவறிற்று என்று கொள்ள வேண்டுமாம்.

நம்மை வியக்கச் செய்வது அதன் பிற்பகுதியே. துளையில் பஞ்சுத் திரி இட்டு எண்ணெய் வார்க்க வேண்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை முன்னிலும் பருத்த திரி மாற்ற வேண்டும். வீக்கமும் வலியும் கண்டால் திரியை எடுத்துவிட்டு, அதிமதுரம், ஆமணக்கு வேர், மஞ்சிட்டி, வாற்கோதுமை, எள் இவற்றை அரைத்துத் தேனும் நெய்யும் கூட்டிப் பூச வேண்டும். முற்றிலும் ஆறிய பின்னரே மறுபடியும் குத்தலாம். சடங்கிற்கு நாள் குறித்துவிட்டோமே என்ற அவசரத்திற்கு அந்நூலில் இடமில்லை!

தமிழிலும் இதற்குச் சான்றுண்டு. கி.பி. 9-ஆம் நூற்றாண்டினர் எனப்படும் பெரியாழ்வார், கண்ணனுக்குக் காது குத்த யசோதை அழைப்பதாகப் பாடியுள்ளார். மகரக்குழை வைத்திருப்பதாகவும் பலாப்பழம் தருவதாகவும் ஆசை காட்டும் அத்தாய், காது வீங்கி எரிந்தால் பிள்ளைக்குத் தலை நோகுமே என்று முன்னர் விட்டுவிட்டதையும் சொல்லுகிறாள். ஆயர்பாடியின் பெயரால் திருவில்லிபுத்தூர் வீடுகளில் கண்டதையே ஆழ்வார் பாடினார் என்று நாம் கருதுகிறோம்.

பிற்காலத்தில் குணுக்கு இட்டுக் காது வளர்த்துப் பாம்படமும் தண்டட்டியும் அணிந்த பாட்டியரை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். திரிக்குப் பதிலாக வேப்பங்குச்சியோ துடைப்ப ஈர்க்கோ செருகி, மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவி வந்தவர்களும் அவர்களே.

உத்தியோக நிமித்தம் வந்து குவார்ட்டர்ஸில் வாழும் நம் குடும்பங்களில் அப்பாட்டியர் உடனில்லை. நகைக் கடையிலோ அழகு நிலையத்திலோ விசைக்கருவியால் ஒரு நொடியில் குத்திவிடுகிறார்கள். அதன் பின் பார்ப்பார் இல்லை. அக்கருவிகளிற் பலவற்றை நீராவியில் முழுதும் தூய்மை செய்ய இயலாது; ஆதலின் ஒருமுறையே பயன்படும் ஊசி நன்று.

இன்றைய மருத்துவர் எண்ணெயையும் மஞ்சளையும் விலக்குகின்றனர். கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே காதைத் தொட வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் தூய உப்புநீரால் துடைத்து ஈரம் போக ஒற்ற வேண்டும். தோட்டைத் திருகிக் கொண்டேயிருக்கும் நம் பழக்கமும் கூடாதாம். ஆறுகின்ற தோல் மீண்டும் கிழிகிறது. நிக்கல் கலந்த மலிவுத் தோடு சிலருக்கு அரிப்பைத் தரும். காதுச்சோணை ஆற 6 முதல் 8 வாரமாகும். மேற்காதின் குருத்தெலும்பில் குத்தினால் பல மாதம், சிலருக்கு ஓராண்டும் ஆகலாம். அங்கே சீழ் கட்டினால் காதின் வடிவமே குலையக்கூடும். சிவப்பு பரவினாலும், காய்ச்சல் கண்டாலும், தோட்டின் திருகு தசைக்குள் புதைந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.