11 காசு மருந்தும், தாமதமாக வந்த பத்ம விபூஷணும்

இந்த எபிசோட் ஒரு மெடிக்கல் ஷாப் வாசல்ல ஆரம்பிக்குது.

ரெண்டு வருஷம் முன்னாடி என் அக்கா பொண்ணுக்கு வயித்தால போச்சு. அப்போ அவளுக்கு ரெண்டு வயசு. சாயங்காலத்துக்குள்ள கண்ணு உள்ள போயிருச்சு, அழுதா கண்ணீர் வரல. "டேய், ஓ.ஆர்.எஸ். வாங்கிட்டு சீக்கிரம் வாடா"ன்னு அக்கா போன்ல கத்துறா. கடையில கேட்டேன். ஓ.ஆர்.எஸ்.னு பெரிசா பேர் போட்ட, ஆரஞ்சுப் படம் உள்ள டெட்ரா பேக் ரெண்டு கொடுத்தாங்க. நானும் பெருமையா கொண்டு போனேன்.

ராத்திரி ஆஸ்பத்திரியில டாக்டரம்மா அந்தப் பேக்கைத் திருப்பிப் பின்பக்கம் படிச்சாங்க. "தம்பி, இது ஜூஸ். இதுல இருக்கிற சர்க்கரை பேதியை இன்னும் அதிகமாக்கும்." அப்புறம் ஒரு சாதாரண பவுடர் பாக்கெட்டை எடுத்தாங்க. அளந்த தண்ணியில கரைச்சு, ஸ்பூன் ஸ்பூனா அக்காவையே கொடுக்கச் சொன்னாங்க. விடியும்போது பாப்பா எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டா.

அந்தப் பவுடருக்குப் பின்னாடி யார் இருந்தாங்கன்னு நான் அதுவரை யோசிச்சதே இல்ல. தேடினப்போ கிடைச்ச பேர், டாக்டர் திலீப் மஹலானபிஸ். புள்ளியியல் மஹலனோபிஸ் வேற, இவர் வேற. இவர் குழந்தைகள் மருத்துவர். 1934-ல் இன்றைய பங்களாதேஷில் இருக்கும் கிஷோர்கஞ்சில் பிறந்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படிச்சு, லண்டன்ல குழந்தைகள் மருத்துவமனையில் வேலை பார்த்து, 1960-களில் கல்கத்தாவுக்கே திரும்பி வந்தார். அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்துல காலரா ஆராய்ச்சி.

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லிடறேன். உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கண்டுபிடிச்சது இவர் இல்ல. 1953-லேயே கல்கத்தாவைச் சேர்ந்த ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, காலரா நோயாளிகளுக்கு வாய் வழியா இப்படி ஒரு கரைசல் கொடுத்து, அதை 'லான்செட்' இதழில் எழுதினார். பெரிசா யாரும் கண்டுக்கல. 1960-ல் ராபர்ட் கிரேன் அதற்கான காரணத்தை விளக்கினார். குடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துத்தான் உள்ளே நுழையும். அதுங்க பின்னாடியே தண்ணியும் போகும். காலரா குடலைப் படுத்துற பாட்டிலும் இந்த ஒரு வாசல் மட்டும் மூடுறதில்ல. அதனாலதான் வெறும் தண்ணி நிக்காத வயித்துல, உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த தண்ணி நிக்குது. 1968-ல் டாக்காவில் டேவிட் நலினும் ரிச்சர்ட் கேஷும் நோயாளிகளிடம் சோதிச்சு இதை உறுதிப்படுத்தினாங்க.

ஆனா அதெல்லாம் ஆஸ்பத்திரிக்குள்ள, பயிற்சி பெற்றவங்க பக்கத்துல நின்னு அளந்து கொடுத்தது. நம்ம பாஷையில சொன்னா, டெஸ்ட்ல ஓடுது, ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்ப யாருக்கும் தைரியம் வரல. அளவு தப்பினா என்ன ஆகும்னு பயம். அந்தப் பயத்திலும் நியாயம் இருந்துச்சு.

1971 வந்துச்சு. பங்களாதேஷ் விடுதலைப் போர். சுமார் ஒரு கோடி பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்குள்ள வந்தாங்க. மழைக்காலம், நெரிசலான முகாம், கூடவே காலரா. ஜூன் கடைசியில் மஹலானபிஸ் தன் குழுவோட எல்லையோர ஊரான பங்காவுக்குப் போறார். மருத்துவமனையின் ரெண்டு அறைகளில் நோயாளிகள் தரையில் கிடக்கிறாங்க. நரம்புல சலைன் ஏத்தணும்னா அந்த வாந்திபேதிக்கு நடுவுல முட்டி போட்டாகணும். கொஞ்ச நாள்லயே சலைனும் தீரும் நிலை. அதை ஏத்தத் தெரிஞ்ச ஆளும் போதல.

அவர் முன்னாடி இருந்தது ரெண்டே வழி. சலைன் வர்ற வரைக்கும் காத்திருக்கலாம். அல்லது இதுவரை இப்படி யாரும் செஞ்சு பார்க்காத ஒன்றைச் செய்யலாம். ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

கல்கத்தா மையத்தின் நூலக அறை பேக்கிங் கூடம் ஆச்சு. ஒரு லிட்டர் தண்ணிக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற கணக்கில் எடை போட்டாங்க. பாலிதீன் பையில் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால ஒட்டினாங்க. மூலப்பொருள் செலவு லிட்டருக்கு சுமார் 11 காசு. முகாமில் அதைக் குழாய் வச்ச டிரம்களில் கரைச்சு வச்சாங்க. ஊழியர்களுக்கு முதல்ல நம்பிக்கை இல்ல. சலைன்னா ஊசியில ஏத்துறதுதானே? அதனால இதுக்கு 'ஓரல் சலைன்'னு பேர் வச்சார். ரொம்ப மோசமா இருந்தவங்களுக்கு மட்டும் நரம்புல சலைன். மத்தவங்களுக்கு அம்மா, அண்ணன், பாட்டி, பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்களே டம்ளர்ல பிடிச்சுக் கொடுக்கலாம்.

30 சதவீதம் வரை இருந்த மரண விகிதம், அவர் பார்த்த நோயாளிகளிடம் 3.6 சதவீதமா குறைஞ்சுது. கரைசல் தயாரிக்கும் முறையைத் துண்டுப் பிரசுரமா அடிச்சு எல்லை முழுக்க விநியோகிச்சாங்க. பங்களாதேஷ் விடுதலைப் போராளிகளின் ரகசிய வானொலியிலும் அது ஒலிபரப்பாச்சு.

என்னைப் பொறுத்தவரை அவரோட சாதனை அந்த டம்ளர்தான். மருத்துவர் கையில் மட்டும் இருந்த ஒரு சிகிச்சையை, படிப்பறிவே இல்லாத ஒரு அம்மா கையில் நம்பி ஒப்படைச்சார்.

மருத்துவ உலகம் சந்தேகத்தோடதான் பார்த்துச்சு. ஆனா முகாமுக்கு நேரில் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் திமான் பருவா இதைத் தோளில் தூக்கிக்கிட்டார். 1978-ல் அந்த நிறுவனம் இதை மையமா வச்சு உலகளாவிய பேதித் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கிச்சு. 1980-களில் பங்களாதேஷின் 'பிராக்' அமைப்பு, ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் ஊழியர்களை அனுப்பி, மூணு விரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணினு அம்மாக்களுக்குச் சொல்லிக் கொடுத்துச்சு. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், சொல்லிக் கொடுத்ததுக்கு மட்டும் சம்பளம் இல்ல. பிறகு சில வீடுகளுக்குப் போய்ச் சோதிச்சு, அம்மாக்கள் எவ்வளவு ஞாபகம் வச்சிருக்காங்களோ அதைப் பொறுத்துத்தான் ஊதியம். இதுவரை ஓ.ஆர்.எஸ். காப்பாற்றிய உயிர்கள் 5 கோடிக்கும் மேல்னு மதிப்பிடுறாங்க.

சரி, விருதுகள்? 2002-ல் அமெரிக்காவில் குழந்தைகள் மருத்துவ ஆய்வுக்கான போலின் பரிசு. நலின், நார்பர்ட் ஹிர்ஷ்ஹார்ன், நதானியேல் பியர்ஸ் ஆகியோரோடு பகிர்ந்துகிட்டார். 2006-ல் தாய்லாந்தின் இளவரசர் மஹிடோல் விருது. இந்தியாவில்? 2022 அக்டோபர் 16 அன்று கொல்கத்தாவில், 87 வயதில் காலமானார். பத்ம விபூஷண் அறிவிப்பு 2023 ஜனவரியில் வந்துச்சு. மூணு மாசம் தாமதம்னு சொல்லலாம். 1971-லிருந்து எண்ணினா ஐம்பது வருஷத்துக்கும் மேல்.

ஏன் இவ்வளவு தாமதம்? என் ஊகம் இதுதான்: இது ரொம்ப எளிமையா இருக்கு. புது மெஷின் இல்ல, காப்புரிமை இல்ல, பெரிய ஆபரேஷன் இல்ல. உப்பும் சர்க்கரையும்தானேன்னு தோணிடுது. அவர் அதுக்காகக் காத்திருந்த மாதிரியும் தெரியல. தான் வேலையைத் தொடங்கிய கொல்கத்தா குழந்தைகள் நல நிறுவனத்துக்கே, மனைவியோட சேர்ந்து ஒரு கோடி ரூபாய் நன்கொடை கொடுத்தவர் அவர்.

இப்போ அந்த டெட்ரா பேக்குக்கு வர்றேன். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தைகள் மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ், சர்க்கரை பானங்கள் மேல ஓ.ஆர்.எஸ். பெயரைப் போடக்கூடாதுன்னு பல வருஷம் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடை செஞ்சு உத்தரவு போட்டுச்சு. மஹலானபிஸ் அம்மாக்களை நம்பிக் கொடுத்த பொருளோட பேரையே வச்சு அந்த அம்மாக்களை ஏமாத்தக் கூடாது. ஒரு மருத்துவருக்கு இதைவிடப் பெரிய விருது என்ன இருக்க முடியும்?

உலக அளவில் இன்னமும் வருஷத்துக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்ட சின்னக் குழந்தைகள் பேதியால இறக்குறாங்க. அதனால இன்னைக்கு ஒரே ஒரு வேலை. கடையில ஓ.ஆர்.எஸ். கேட்டா பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கலவைன்னு போட்டிருக்கணும். எவ்வளவு தண்ணியில கரைக்கச் சொல்லியிருக்கோ, அவ்வளவுதான். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். குழந்தை சோர்ந்து துவண்டுட்டா, குடிக்கவே முடியலன்னா, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

என் அக்கா இப்போ கிச்சன் அலமாரியில எப்பவும் நாலு பாக்கெட் வச்சிருக்கா. உங்க வீட்டுல இருக்கா? பார்த்துட்டு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.