விசாரணைக்கு வராத ஒருவன்: 'அக்கினிப் பிரவேசம்' கதையின் வாசக ஏற்பில் பாலினச் சார்பு

வாசகர் எதிர்வினைக்காகவே நினைவுகூரப்படும் தமிழ்ச் சிறுகதைகள் சிலவே. 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' அவற்றுள் முதன்மையானது. மழையில் பேருந்துக்குக் காத்து நின்ற கல்லூரி மாணவியைக் காரில் ஏற்றிச் செல்லும் செல்வந்த இளைஞன், அவளது பேதைமையைப் பயன்படுத்திக்கொள்கிறான். செய்தியறிந்த விதவைத் தாய் முதலில் கொதிக்கிறாள்; பின்னர்த் தெளிந்து, ஊரறியாமல் மறைத்து, மகளின் தலையில் நீரூற்றி, அவள் தூய்மையானவள் என்கிறாள்.

இக்கதை எழுப்பிய விவாதம், தாயின் செயல் தகுமா, மகள் தூயவளா என்னும் இரு வினாக்களையே பெரிதும் சுற்றிவந்தது. எதிர்த்தோர் தாயைக் கண்டித்தனர். ஆதரித்தோர் அவளது கருணையைப் போற்றினர். காரில் வந்தவனோ இரு தரப்பாருக்கும் அன்று பெய்த மழையைப் போலக் கதையைத் தொடங்கிவைத்த ஒரு சூழல் மட்டுமே. பாலினச் சார்பைக் கண்டனக் குரல்களில் மட்டும் தேடுவது போதாது. எவரைத் தீர்ப்புக்கு உட்படுத்துவது என்னும் தேர்விலேயே அது நிகழ்ந்துவிடுகிறது. அதனாலேயே பரிவுடைய வாசகரும் அதனை உணர்வதில்லை.

இதில் பனுவலுக்கும் பங்குண்டு. கழுவுதல் என்னும் செயல் கறையை முன்னரே ஒப்புக்கொள்கிறது. தாயின் விடுதலை வாக்கு, எதிர்ப்பாளரின் அளவுகோலைக் கொண்டே அளந்து, வேறு விடை கூறுகிறது. தலைப்பும் சீதையின் சோதனையைச் சுட்டுவதே. 1943இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் 'சாப விமோசன'த்தில், சீதையை இராமன் தீக்குளிக்கச் செய்தமை கேட்டு அகலிகை மீண்டும் கல்லாகிறாள். அங்கே வினா, சோதனையைக் கோரியவனை நோக்கித் திரும்புகிறது. இருபதாண்டுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின் எழுதப்பட்ட கதை, இந்த ஒரு கூறில் முந்தையதைவிடத் தயங்கி நிற்கிறது எனலாம்.

ஜெயகாந்தன் இவ்விவாதத்தை விட்டுவிடவில்லை. 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் தாய் கூக்குரலிடுகிறாள். செய்தி ஊருக்குத் தெரிகிறது. அண்ணன் தங்கையை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். சிறுகதையை எதிர்த்தோர் விரும்பிய முடிவு எங்கே கொண்டு சேர்க்கும் என்பதை நாவல் அவர்கட்கே காட்டுகிறது. மேலும், கங்கை வளர்ந்தபின் அச்சிறுகதையையே படிக்கிறாள். கதைமாந்தரே வாசகராகும் அரிய தருணம் அது.

'அவன்' பிரபு என்னும் பெயர் பெறுவதும் நாவலிலேதான். அவனைத் தேடிக் கண்டறியும் பொறுப்பும் கங்கையின்மீதே விழுகிறது. கண்டறியப்பட்டவனோ மனைவியும் மகளும் உடையவன். செல்லமாக வளர்ந்து கெட்டவன். வாசகரின் இரக்கத்தை எளிதிற் பெறத்தக்கவன். அவனுக்குக் கடந்தகாலமும் வளர்ப்பும் காரணங்களாகின்றன. கங்கைக்கு அவ்வாறான சலுகையை அவளைச் சூழ்ந்தோர் எவரும் அளிப்பதில்லை. அடைக்கலம் தந்த மாமா வெங்குவே அவளிடம் முறைகேடாக நடக்க முற்படுபவர். நாவலின் இறுதியில் பிரபு திருந்தி விலகுகிறான். கங்கை குடிக்கத் தொடங்குகிறாள்.