கம்பியும் காய்ச்சலும்

2020, மார்ச் 25. நாடு முழுக்க ஊரடங்கு. சேலம் ஐந்து ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. பல்லில் ‘கிளிப்’ மாட்டிக்கொண்டு ராசிபுரத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் சேலத்துக்கு பஸ் ஏறுகிறவர்கள் வீட்டோடு முடங்கினார்கள். கம்பி மட்டும் வாயிலேயே இருந்தது, முறுக்க ஆளில்லாமல்! அப்புறம் அவர்களில் சிலருக்கு கொரோனாவும் வந்து போனது.

‘காய்ச்சலுக்கும் கம்பிக்கும் என்ன சார் சம்பந்தம்?’ என்பீர்கள். நெருங்கிய சொந்தம்! அந்த உறவைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகளுக்கு நூறு வருஷத்துக்கும் மேல் பிடித்தது.

பல்லைக் கம்பி இழுக்கிறது என்றுதானே நினைக்கிறோம்? அது பாதி உண்மை. ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட், நாயின் முன்பற்களில் கம்பி கட்டி, பிறகு நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1904-ல் எழுதினார். பல் அழுத்திய பக்கம் எலும்பு கரைந்திருந்தது. விலகிய பக்கம் புது எலும்பு முளைத்திருந்தது!

கரைத்தது யார்? எலும்பைத் தின்னும் ஒரு ராட்சச செல். 1873-லேயே கோலிக்கர் என்ற பேராசிரியர் ஜெர்மனியில் அதற்குப் பெயர் சூட்டியிருந்தார். அது யார் வீட்டுப் பிள்ளை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களின் பங்காளி!

1997-ல் நோய் எதிர்ப்பு ஆராய்ச்சியாளர்கள் ‘டி’ செல்களில் ஒரு புரதத்தைப் பிடித்தார்கள். மறுவருஷம் எலும்பு ஆராய்ச்சியாளர்கள், தின்னும் செல்லுக்கு உத்தரவு போடும் புரதத்தைப் பிடித்தார்கள். ஒப்பிட்டால், இரண்டும் ஒன்றே! பெயர், ராங்க்-எல். எதிரியை விரட்டும் போலீஸும் எலும்பை இடிக்கும் மேஸ்திரியும் ஒரே உத்தரவைப் படிக்கிறார்கள்!

இனி கொரோனாவுக்கு வருவோம். வைரஸ் நுழைந்ததும் உடம்பு அடிக்கும் அபாயத் தந்திகளில் ஒன்று, இன்டர்லூகின்-6. நோய் முற்றியவர்களின் ரத்தத்தில் அது எக்கச்சக்கமாக ஏறியது. கம்பி முறுக்கிய பல்லின் ஈறோரத்தில், சின்ன அளவில் சத்தமில்லாமல் சுரப்பதும் இதே சரக்குதான். போதாததற்கு, கடும் நோய்க்குக் கொடுத்த ஸ்டீராய்டு, நீண்டநாள் தொடர்ந்தால் எலும்பையே தொடும். சில வலி மாத்திரைகள் பல் நகர்வை மந்தப்படுத்தும். படுத்த படுக்கையில் பல் தேய்க்காமல் விட்டால், கம்பியைச் சுற்றி ஈறு வீங்குவது தனிக்கதை.

பயமுறுத்தவில்லை. சாதாரண சளிக்காய்ச்சலுக்காக கிளிப்பைக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் கடுமையாகப் படுத்து எழுந்தவர்கள், என்ன காய்ச்சல், என்ன மாத்திரை என்பதைப் பல் டாக்டரிடம் மறைக்காதீர்கள். ‘வாயைத் திறங்க’ என்று அவர் சொல்வதற்கு முன்பே, நீங்கள் வாயைத் திறந்துவிடுங்கள்!