உலக முடிவின் கணக்குகள்: கிறிஸ்தவ விளக்கங்கள் நடந்து வந்த தடம்

இறுதி நாளை நம்புவது ஈமானின் கூறுகளுள் ஒன்று. அந்நாளுக்கு முன் ஈஸா (அலை) அவர்கள் மீண்டும் இறங்கி வருவார்கள் என்பது நம் அறிஞர் பெருமக்கள் வழிவழியாக ஏற்றுவந்த செய்தி. கிறிஸ்தவ மக்களும் அவர்களுடைய இரண்டாம் வருகையை எதிர்பார்த்திருக்கின்றனர். இத்துணை அணுக்கமான நம்பிக்கையைப் பற்றி நாம் அறிந்து வைத்திருப்பது மிகக் குறைவு. ‘கிறிஸ்தவர்களின் இறுதிக்காலக் கொள்கை’ என்று ஒருமையில் பேசுகிறோம். பாலஸ்தீனம் பற்றிய மேடைகளிலோ, அக்கொள்கையின் பழி முழுவதையும் எல்லாக் கிறிஸ்தவர் தலையிலும் ஏற்றிவிடுகிறோம். வரலாறு இதற்கு இடந்தரவில்லை.

1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய பின் எழுந்த நெய்வேலி நகரியத்தில், நெல்லை, குமரி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வேலைக்கு வந்த பல பிரிவுக் கிறிஸ்தவர்கள் நம்முடன் அருகருகே வாழ்கின்றனர். கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையினர், லூத்தரன் சபையினர், பெந்தெகொஸ்தே சபையினர் எனும் இவர்களை ஒன்றாக எண்ணுவது எளிது. ஆயினும் ‘இயேசு வருகிறார்’ என்ற சுவரெழுத்து இவர்கள் எல்லாருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. அப்பொருள் வேறுபாடு எங்கே தொடங்கியது, எவ்வழியாகத் தமிழகம் வந்தது, அதனால் விளைந்தது என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒரு நூல், மூன்று வாசிப்புகள்

புதிய ஏற்பாட்டின் கடைசி நூலைப் புரோட்டஸ்டண்டுத் தமிழர் ‘வெளிப்படுத்தின விசேஷம்’ என்றும், கத்தோலிக்கர் ‘திருவெளிப்பாடு’ என்றும் வழங்குவர். அதன் இருபதாம் அதிகாரம் கிறிஸ்துவின் ஆயிரம் ஆண்டு அரசாட்சியைக் குறிப்பிடுகிறது. கருத்து வேறுபாடுகளின் ஊற்று இந்த ஆயிரம் ஆண்டே.

தொடக்க கால ஆசிரியர்களான ஜஸ்டின், இரேனியுஸ் முதலியோர் இதனை நேர்ப்பொருளில் கொண்டனர். கிறிஸ்து முதலில் வருவார், அதன் பின் மண்ணிலேயே ஆயிரம் ஆண்டு ஆள்வார் என்பது அவர்கள் கருத்து. கி.பி. 430இல் மறைந்த அகுஸ்தீன் இதனை மறுத்தார். ஆயிரம் என்பது நிறைவைக் குறிக்கும் எண். திருச்சபை உலகில் நிலவும் காலமே அந்த ஆட்சி என்றார் அவர். மேலைக் கிறிஸ்தவத்தில் இவ்விளக்கமே பல நூற்றாண்டுகள் கோலோச்சியது. பிற்காலத்துப் பெரும் புரோட்டஸ்டண்டுச் சபைகளும் பொதுவாக இதையொட்டியே நின்றன. மண்ணுலக ஆயிரமாண்டு ஆட்சிக் கொள்கையை, அதன் தணிந்த வடிவிலும்கூட, ஐயமறப் போதிக்க இயலாதென வத்திக்கான் 1944இல் அறிவித்தது.

மூன்றாம் வாசிப்பு 18ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. நற்செய்தி உலகெங்கும் பரவி நீதியும் அமைதியும் ஓங்கும் பொற்காலமே ஆயிரம் ஆண்டு. அதன் முடிவிலேயே கிறிஸ்து வருவார் என்பது அது. அக்காலத்து மிஷனரி இயக்கத்தில் இந்த நம்பிக்கை ஆழமாக வேரோடியிருந்தது. பள்ளியும் அச்சகமும் மருத்துவமனையும் நிறுவுவோருக்கு உலகம் சீர்படும் என்ற எண்ணம் ஊக்கம் தந்தது. உலகம் சீர்கெட்டே தீரும், அதன் உச்சத்தில் கிறிஸ்து வருவார் என்று கொண்டோரோ கட்டடங்களைவிட எச்சரிக்கைக்கே முதலிடம் தந்தனர். விளக்கம் மாறினால் வேலையும் மாறும் என்பதற்கு இது சான்று.

நாளை ஆண்டாக்கிய கணக்கு

வேத நூலில் ‘நாள்’ என வருமிடத்தில் ‘ஆண்டு’ எனக் கொள்ளும் முறையொன்று சீர்திருத்தக் காலத்திற்குப் பின் பெருவழக்காயிற்று. இம்முறையினர் வெளிப்படுத்தின விசேஷத்தை ஐரோப்பிய வரலாற்றின் நாட்குறிப்பாக வாசித்தனர். ஒன்பதாம் அதிகாரத்து வெட்டுக்கிளிகளை அரபு முஸ்லிம்கள் என்றும், யூப்ரடீஸ் நதிக்கரையிலிருந்து புறப்படும் குதிரைப் படையைத் துருக்கியர் என்றும் கொண்டனர். இவ்வாறு இஸ்லாம் அவர்களுடைய காலக்கணக்கின் கருவியாயிற்று. உஸ்மானியப் பேரரசின் ஆற்றல் 1840 ஆகஸ்டில் முறியும் என அமெரிக்கப் போதகர் ஜோசையா லிட்ச் நாள் குறித்தார். அவ்வாண்டு எகிப்தின் முஹம்மது அலீயை அடக்க ஐரோப்பிய வல்லரசுகளின் துணையை சுல்தான் நாடியதையே கணிப்பு நிறைவேறியதற்கு அடையாளமாக அவரைச் சார்ந்தோர் காட்டினர். பேரரசோ மேலும் எண்பது ஆண்டுகள் நிலைத்தது.

லிட்ச் சார்ந்திருந்த இயக்கத்தின் தலைவர் வில்லியம் மில்லர். தானியேல் நூலின் 2300 நாளை 2300 ஆண்டாக்கி, கி.மு. 457இலிருந்து எண்ணினார் அவர். விடை முதலில் 1843 என்றும், பின்னர் 1844 அக்டோபர் 22 என்றும் அறிவிக்கப்பட்டது. அறுவடை செய்யாமல் வயலை விட்டுக் காத்திருந்தோரும் உண்டு. அந்நாள் வழக்கம்போல் விடிந்து வழக்கம்போல் சாய்ந்தது. எனினும் இயக்கம் அழியவில்லை. ‘நாள் சரிதான், நிகழ்ச்சிதான் வேறு, அன்று கிறிஸ்து விண்ணுலகத் திருவிடத்தில் தம் இறுதிப் பணியைத் தொடங்கினார்’ என ஒரு குழுவினர் பொருளை மாற்றினர். ஏழாம் நாள் அட்வெண்டிஸ்டுச் சபை இவர்களிடமிருந்தே தோன்றியது. கணக்குப் பொய்த்தபின் நம்பிக்கையைக் காக்கப் பொருளை மாற்றும் இவ்வுத்தியைத் தென்னாட்டிலும் காண்கிறோம்.

தென்னாட்டில் வந்து சேர்ந்த வழிகள்

1833ஆம் ஆண்டு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. யூத மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்து கிறிஸ்தவரான ஜோசப் வோல்ஃப், புகாரா, காபூல் வழியாக வந்து, அவ்வாண்டு இந்தியாவில் பயணம் செய்துகொண்டிருந்தார். 1847இல் கிறிஸ்து திரும்பி வருவார் என்பது அவர் பறைசாற்றிய செய்தி. லக்னோவில் ஷியா அறிஞர்களுடன் இதுபற்றி வாதித்தார். பின்னர் சென்னைக்கும் வந்து, பாளையங்கோட்டையில் இரேனியுஸ் ஐயரைச் சந்தித்தார். 1847 கடந்தது. இங்கிலாந்தின் ஒரு சிற்றூர்க் கோயிலில் குருவாக இருந்து 1862இல் வோல்ஃப் மறைந்தார்.

அதே 1833இல், பாக்தாதில் மூன்றாண்டு தங்கியிருந்த அந்தோனி நோரிஸ் குரோவ்ஸ் இந்தியா வந்தார். பிரதரன் இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான இவருடன், இரேனியுஸிடம் பயின்ற ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் இணைந்தார். அருளப்பன் 1840இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியில் கிறிஸ்டியான்பேட்டையை நிறுவினார். 1860இல் அங்கு எழுந்த சமய எழுச்சி நெல்லைச் சீமையெங்கும் பேசப்பட்டது. வெளிநாட்டுச் சங்கங்களின் சம்பளமின்றி, வருகையை எதிர்நோக்கி ஊழியம் செய்வது என்ற போக்கு தமிழ்க் கிறிஸ்தவரிடையே வேர்கொள்ள இது ஒரு தொடக்கம்.

திருவிதாங்கூரில் எழுந்த அலை இன்னும் தீவிரமானது. இராமய்யன் என்ற தமிழ்ப் பிராமணர் 1861இல் கிறிஸ்தவராகி, யுஸ்துஸ் யோசேப்பு என்ற பெயரில் ஆங்கிலிக்கன் குருவானார், சிறந்த பாடலாசிரியர். 1873க்குப் பின் அவர் தலைமையில் எழுந்த எழுச்சியினூடே, ஆறாண்டில் கிறிஸ்து வருவார் என்ற தீர்க்கதரிசனம் 1875இல் எழுந்தது. திருச்சபை அவரை விலக்கியது. அவரைச் சார்ந்தோர் 1881 அக்டோபரை நோக்கிக் காத்திருந்தனர். எதுவும் நிகழவில்லை. கிறிஸ்து ஆவியின் வடிவில் தங்களிடையே வந்துவிட்டார் என அவர்கள் விளக்கம் கூறி, ‘யுயோமயம்’ என்ற புது யுகமொன்றைத் தொடங்கினர். எல்லாச் சமயங்களும் அதில் ஒன்றிணைவதாகக் கருதினர். 1887இல் யுஸ்துஸ் யோசேப்பு இறந்தார். இயக்கம் சிறு குழுவாகச் சுருங்கியது. நாள் குறித்தலின் இறுதி விளைவு இங்கே தெளிவு: கிறிஸ்தவத்தின் மையத்திலிருந்து புறப்பட்டவர்கள் கிறிஸ்தவத்திற்கு வெளியே போய் நின்றனர்.

அதற்குப் பின்னரும் வரவுகள் நின்றபாடில்லை. நாசரேத்து மிஷனரியுடன் பிணங்கி 1857இல் தனிச்சபை கண்ட அருமைநாயகம் சட்டம்பிள்ளையின் பிரகாசபுரம் குழுவினர் ஏற்கெனவே சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டிருந்தனர். சனிக்கிழமையைப் போற்றும் அட்வெண்டிஸ்டுகள் 1908இல் அங்கு வந்து காலூன்றியது இயல்பே. 1912இல் அமெரிக்கரான சார்லஸ் ரஸ்ஸல் திருவிதாங்கூர் வந்து சென்றார். ஏழு காலங்களை 2520 ஆண்டுகளாக்கி 1914ஐ முடிவின் ஆண்டாக அவர் குறித்திருந்தார். பின்னாளில் ‘யெகோவாவின் சாட்சிகள்’ என்று பெயர்பெற்ற இக்குழுவினர், அவ்வாண்டிலிருந்து கிறிஸ்து கண்ணுக்குப் புலப்படாமல் ஆள்கிறார் என்றனர். கடவுளின் அரசுக்கே தம் வணக்கம் என்பதால் தேசிய கீதம் பாட மறுத்த இவர்களுடைய பிள்ளைகளின் உரிமையை, கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1986இல் உறுதிசெய்தது. சிறுபான்மையினரின் மனச்சான்றுரிமைக்கு அத்தீர்ப்பு இன்றும் அரணாக உள்ளது.

இன்று தமிழகத்தில் பரவலாகக் கேட்கப்படும் விளக்கமோ பிரதரன் இயக்கத்தவரான ஜான் நெல்சன் டார்பி (1800–1882) வகுத்தது. விசுவாசிகள் திடீரென விண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்படும் ‘இரகசிய வருகை’, அதன்பின் ஏழாண்டு உபத்திரவ காலம், அந்திக்கிறிஸ்துவின் ஆட்சி, யூதர்கள் பாலஸ்தீனத்தில் ஒன்றுகூடுதல், பிறகு ஆயிரவருட அரசாட்சி என்பது இதன் வரிசை. 1909இல் வெளியான ஸ்கோஃபீல்டு குறிப்புரை வேதாகமம் இதனை உலகெங்கும் கொண்டு சென்றது. பெந்தெகொஸ்தே சபைகள் பெரும்பாலும் இதை ஏற்றன. இரண்டாயிரம் ஆண்டுக் கிறிஸ்தவ வரலாற்றில் இதன் வயது இருநூறு ஆண்டைக்கூட எட்டவில்லை.

உமர் (ரலி) அவர்களின் ஆண்டு

கணக்கு அரசியலோடு கைகோத்த இடமும் ஒன்றுண்டு. 1845இல் நம் நாட்டுக் காசி நகரில் ஜெர்மானிய மிஷனரி ஒருவருக்குப் பிறந்தவர் வில்லியம் ஹெக்லர். வியன்னாவில் ஆங்கிலேயத் தூதரகத்தின் குருவாக இருந்த அவர், 1896 மார்ச்சில் தியோடர் ஹெர்ஸலைத் தேடிச் சென்றார். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஜெரூசலத்தைப் பெற்ற 637–38ஆம் ஆண்டை அடியாகக் கொண்டு, வெளிப்படுத்தின விசேஷத்தின் 42 மாதங்களை 1260 ஆண்டுகளாக்கி அதனுடன் கூட்டியிருந்தார் ஹெக்லர். விடை 1897–98. அவ்வாண்டில் பாலஸ்தீனம் யூதருக்கு மீளும் என்பது அவர் துணிபு. ஹெர்ஸல் இச்செய்தியைத் தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார். சமய ஈடுபாடு அதிகமில்லாத அவருக்கு, ஹெக்லர் வழியாக ஜெர்மானிய அரச குடும்பத்தின் கதவுகள் திறந்தன. 1897இல் பாஸல் நகரில் முதல் சியோனிச மாநாடு கூடியபோது ஹெக்லரும் அங்கிருந்தார்.

இக்கணக்கு தன் அளவிலேயே நிற்காது. ஜெரூசலம் 1099 முதல் 1187 வரை சிலுவைப் படையினர் கையில் இருந்தது. ஆகவே 1260 ஆண்டு இடையறாத முஸ்லிம் ஆட்சி என்பதே தவறு. மேலும், பைஸாந்திய ஆட்சியில் அந்நகரில் குடியிருக்கத் தடுக்கப்பட்டிருந்த யூதர்கள் மீண்டும் அங்கே குடியேறியது முஸ்லிம் ஆட்சியில்தான். நகரின் கிறிஸ்தவர்களுக்கும் அவர்களுடைய கோயில்களுக்கும் உமர் (ரலி) அவர்கள் பாதுகாப்பு அளித்ததையும் வரலாறு பேசுகிறது. அப்புகழ்பெற்ற ஆண்டையே ஒரு மக்களின் வெளியேற்றத்திற்கு முதற்புள்ளியாக்கியது எவ்வளவு பெரிய முரண்!

மறுத்த குரல்கள்

இங்கேதான் நாம் நின்று நோக்க வேண்டும். இவ்வாசிப்பை மிக வன்மையாக மறுத்தோரில் கிறிஸ்தவர்களே முன்னணியில் உள்ளனர். ஜெரூசலத்தின் லத்தீன் கத்தோலிக்க முதுபெரும் தந்தை மிக்கேல் சப்பாஹ், சிரிய ஆர்த்தடாக்ஸ், ஆங்கிலிக்கன், லூத்தரன் சபைகளின் தலைவர்களோடு இணைந்து 2006 ஆகஸ்டில் ஓர் அறிக்கை வெளியிட்டார். கிறிஸ்தவச் சியோனிசம் நற்செய்திக்கு முரணான பொய்ப் போதனை என அது அறிவித்தது. 1948இல் பைஸான் ஊரிலிருந்து குடும்பத்துடன் விரட்டப்பட்ட ஆங்கிலிக்கன் குரு நயீம் அத்தீக் தம் வாழ்நாளை இம்மறுப்புக்கே செலவிட்டார். நெய்வேலியின் கத்தோலிக்கரும் தென்னிந்தியத் திருச்சபையினரும் லூத்தரன் சபையினரும் அந்த அறிக்கையில் கையொப்பமிட்ட சபைக் குடும்பங்களைச் சார்ந்தவர்கள். டார்பியின் கொள்கைக்காக அவர்களைக் குற்றஞ்சாட்டுவது அறியாமை மட்டுமன்று, அநீதியுமாகும். அண்டை வீட்டாரிடம் ‘உங்கள் சபை இதில் என்ன போதிக்கிறது?’ என்று கேட்பது, கேட்காமல் முடிவுகட்டுவதைவிட நபிவழிக்கு நெருக்கமானது.

நமக்குள்ள பாடம்

கணக்கிடும் ஆசை பிறருக்கு மட்டும் உரியதன்று. இந்த உம்மத் ஹிஜ்ரி 1000ஐத் தாண்டாது என்ற பேச்சு பரவியபோது, இமாம் சுயூத்தி (ரஹ்) அதனை மறுத்துத் தனி நூல் எழுதினார். ஆனால் 1500ஐத் தாண்டாது என்ற மற்றொரு கணக்கை அவரே அதில் வைத்துவிட்டார். யுஸ்துஸ் யோசேப்பைச் சார்ந்தோர் காத்திருந்த அதே 1881இல் சூடானில் முஹம்மது அஹ்மத் தம்மை மஹ்தியென அறிவித்தார். ஹிஜ்ரி 1400 முஹர்ரம் முதல் நாளில், அதாவது 1979 நவம்பர் 20இல், ஜுஹைமானின் கூட்டத்தார் தங்களுள் ஒருவரை மஹ்தியென அறிவித்துப் புனிதப் பள்ளியில் ஆயுதமேந்தினர். தடை செய்யப்பட்ட இடத்தில் இரு வாரங்கள் இரத்தம் சிந்தியது.

இதைவிட நுட்பமான ஆபத்தும் உண்டு. இஸ்ரேல் தோன்றிய 1948இலிருந்து ஒரு தலைமுறையை எண்ணி 1980களை முடிவுக்காலமாகக் காட்டிய ஹால் லிண்ட்ஸேயின் 1970ஆம் ஆண்டு நூல் உலகெங்கும் விற்றது. அத்தகைய எழுத்துகளை எதிர்க்கப் புகுந்த முஸ்லிம் நூலாசிரியர் சிலர், அவற்றின் அச்சையே எடுத்தாண்டனர். 1987இல் கெய்ரோவில் தஜ்ஜாலைப் பற்றி நூல் வெளியிட்ட ஸயீத் அய்யூப், வெளிப்படுத்தின விசேஷத்தின் காட்சிகளையே சான்றாக அடுக்கினார். அவ்வழியில் பிறந்த சிறு நூல்களும் உரைகளும் நம் இளைஞர் கைகளிலும் புழங்குகின்றன. டார்பியின் வரிசையைப் பெயர்மாற்றி ஹதீஸ் விளக்கமாகத் தருவதை ஆய்வு என்று கொள்ள இயலாது.

மறுமை எப்போது என்று வானவர் ஜிப்ரீல் (அலை) வினவியபோது, கேட்கப்படுபவர் கேட்பவரைவிட அதிகம் அறிந்தவரல்லர் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) விடையளித்தார்கள். அந்நாளையும் நாழிகையையும் தந்தையன்றி எவரும் அறியார் என்பதே நற்செய்தி நூல்களிலும் காணப்படும் கருத்து. மறுமை எப்போது என்று கேட்ட ஒருவரிடம், அதற்காக நீர் சேர்த்து வைத்திருப்பது என்ன என்று பெருமானார் (ஸல்) திருப்பிக் கேட்டார்கள். 1844, 1847, 1881, 1914 என்று வரிசையாகக் கடந்துபோன ஆண்டுகள் அக்கேள்வியின் பொருளை நமக்கு விளக்கும் உரைகளாக நிற்கின்றன. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.